ஜும்ராவின் துண்டுகளும் ருஸ்மிரின் ஒளிக்கற்றையும்

போஸ்னியாவின் மலையிடுக்கில் இருக்கிற எங்கள் ஊரில், காற்று கெட்டிருப்பதை ஒரு மாதம் அளந்து காட்டினால்தான் நகராட்சி, இரும்பை உருக்கும் வார்ப்பாலையைப் புகைவடிகட்டி போடச் சொல்லும். அளக்கிற ஆள் ருஸ்மிர். பள்ளிக்கூட மொட்டைமாடியில் இருந்த அவனுடைய கருவி ஆற்றுக்குக் குறுக்கே ஓர் ஒளிக்கற்றையை விடும். அக்கரையில், நாலாவது மாடி பால்கனிக் கம்பியில் மாட்டிய கண்ணாடி அதைத் திருப்பி அனுப்பும். வழியில் புகை எவ்வளவு ஒளியைத் தின்றது என்று பார்த்தே காற்றின் யோக்கியதையைச் சொல்லிவிடும். கெட்டிக்காரக் கருவிதான். ஆனால் ஒரு துண்டைத் தாண்டிப் பார்க்க அதற்குத் துப்பில்லை.

அந்தப் பால்கனி ஜும்ராவுடையது. கீழ்த்தளத்தில் முடிதிருத்தகம் நடத்துகிறாள். கடையின் வெள்ளைத் துண்டுகளெல்லாம் அந்தக் கம்பியில்தான் காயும்.

மாதக் கடைசியில் ருஸ்மிர் பதிவைப் பார்த்தான். அங்கங்கே ஓட்டை. மூச்சிரைக்க மாடியேறிப் போய்க் கதவைத் தட்டினான்.

"அக்கா, கண்ணாடி மேல துண்டு போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"உள்ள வா தம்பி, காப்பி குடி. மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? அதையும் கம்பியில போடட்டா?"

"விளையாடாதீங்க. ஆலை வக்கீல் இதையே பிடிச்சுக்குவான்."

பிடித்துக்கொண்டான்தான். நகராட்சிக் கூட்டத்தில் வக்கீல் எசாத் எழுந்தான்.

"பதிவுல இருக்கிற ஓட்டைகளைக் காத்துத் திசையோட ஒப்பிட்டுப் பாத்தோம். பகல்ல நல்ல காத்து அடிச்ச நேரமா பாத்துக் கண்ணாடியை மறைச்சிருக்காங்க. இந்தப் பதிவு செல்லாது."

ருஸ்மிர் பதிவுத் தாள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ஐயோ, ஒரு மாத உழைப்பு! பின்வரிசையிலிருந்து ஜும்ரா எழுந்தாள்.

"வக்கீல் சொல்றது நிஜம். பகல்ல புகை விலகினாத்தான் துண்டை வெளியே போடுவேன். புகை வந்துட்டா அடுத்த நிமிஷம் உள்ள. கரி படிஞ்ச துண்டை யார் தலையில கட்ட? உங்க தலையிலயா? அங்கதான் முடியே இல்லையே!"

கூடமே சிரித்தது. வக்கீலும் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

"துண்டு தொங்கின நேரம் பூரா சுத்தமான காத்துன்னே எழுதிக்குங்க. நான் சாட்சி" என்றாள்.

"கேட்டீங்களா? அவங்களே ஒத்துக்கிட்டாங்க!" என்றான் எசாத்.

கூட்டத் தலைவி ருஸ்மிரைப் பார்த்தாள். "அது மொத்தம் எவ்வளவு நேரம்?"

அவன் தாள்களைப் புரட்டினான். "பதினோரு மணி நேரம்."

"ஒரு வாரத்துலயா?"

"இல்லம்மா. மாசம் பூராவும்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தலைவி, ஆலைக்கு வடிகட்டி போடச் சொல்லும் உத்தரவுத் தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்தாள்.