மேல் பக்கத்துச் சுவர்

அன்று வகுப்பில் ஆளாளுக்குத் தங்கள் கட்டடத்தை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை ரோஸா அப்பாய் கொடுத்த பயிற்சி அப்படி. "ரெண்டு வருஷம் தள்ளிப் போயிட்டீங்கன்னு வெச்சுக்கங்க. உங்க வேலை நாசமாப் போச்சு. எப்படிப் போச்சுன்னு வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

கட்டுமானத் திட்ட மேலாண்மை முதுகலை வகுப்பு. பகலெல்லாம் சைட்டில் தூசி தின்றுவிட்டு மாலையில் வருகிறவர்கள். களைப்பில் சிரிப்பு சீக்கிரம் வரும். ஒருவன் தன் பாலத்தை ஆற்றுக்குக் குறுக்கே கட்டாமல் நெடுக்கே கட்டிவிட்டதாகச் சொன்னான். தௌலெத் எழுந்து, "பளிங்குக் கல்லு வரும்னு லாரியத் திறந்தோம். என் மாமியார் இறங்குனாங்க. அதோட எங்க ஜோலி முடிஞ்சுது" என்றான்.

அடுத்து ராவ்ஷான் எழுந்தாள். அவளும் தௌலெத்தும் ஒரே கம்பெனி, ஒரே சைட். அல்மாட்டி நகரத்தின் மேல் பக்கம், மலைச்சரிவில், ஓர் அடுக்குமாடிக்காக ஆழமான குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவன் சைட் பொறுப்பாளன். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று அட்டவணை போடுகிறவள் அவள்.

"எங்க குழியோட மேல் பக்கத்துச் சுவர் சரிஞ்சிடுச்சு" என்று தொடங்கினாள். "குளிர்ல வேலை பின்தங்கிப் போச்சு. ஒரு மட்டம் தோண்டினா, சுவரை மலையோட இழுத்துப் பிடிக்கிற கம்பியைப் போட்டு, அது நல்லா இறுகினப்புறம்தான் அடுத்த மட்டத்துக்குப் போகணும். நாங்க காத்திருக்கல. ரெண்டையும் ஒண்ணா ஓட்டினோம். அப்புறம் பனி உருகுச்சு. மண்ணு குடிக்க முடிஞ்ச மட்டும் குடிச்சுது. மேல ரோடு. ரோட்டுக்கு அந்தாண்ட பாலர் பள்ளி. முதல்ல ரோடு போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக் காலத்தைச் சுருக்குவது எப்படி என்று முந்தின பருவத்தில்தான் அதே அறையில் படித்திருந்தார்கள். அந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண் தௌலெத்துக்கு. அதற்காக அவன் காட்டியது தங்கள் குழியின் அட்டவணையைத்தான். அதை வரைந்து கொடுத்தவள் ராவ்ஷான்.

"இது பயிற்சிதானேம்மா?" என்றார் ரோஸா அப்பாய்.

"பயிற்சிதான் அப்பாய்."

படியிறங்கும்போது தௌலெத் அவள் தோளை இடித்தான். "வாயக் கழுவு முதல்ல. உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அடுத்த வாரம் முதலாளி காய்ரோல்லா கூப்பிட்டனுப்பினார். சீட்டுக் கிழிந்தது என்றுதான் போனாள். அவரோ தன் கையாலேயே பால் விட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"வகுப்புல நீ சொன்னத தௌலெத் சொன்னான். பயப்படத் தெரிஞ்ச ஆளுதான் தங்கச்சி எனக்கு வேணும். இனிமே அந்த சைட்டோட ஆபத்து மேலாண்மைக்கு நீதான் பொறுப்பு."

"தோண்டுறத நிறுத்துங்கன்னு நான் சொல்லலாமா அண்ணா?"

அவர் சிரித்தார். "அதெல்லாம் தௌலெத் பாத்துப்பான். நீ கவனிச்சுக்கிட்டே இரு."

அவளுக்குத் தனியறை கிடைத்தது. கதவில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். வீட்டில் மாமியார் பவுர்சாக் பலகாரம் பொரித்து அண்டை வீடுகளுக்கெல்லாம் அனுப்பினாள். கணவன் சாபித் மட்டும் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். லிப்ட் பழுது பார்க்கிறவன் அவன்.

"நிறுத்தவும் முடியாது, ஆனா பொறுப்பு மட்டும் உன்னுதுன்னா அதுக்கு என்ன அர்த்தம் ராவ்ஷான்? வெட்டுறதுக்கு ஒரு கழுத்து வேணும், அதுக்கு உன்னைப் பிடிச்சிருக்காங்க."

"உனக்குப் பொறாமை" என்றாள் அவள். சொல்லிவிட்டாளே தவிர, தன் தட்டை அவளும் தள்ளி வைத்தாள்.

வசந்தப் புத்தாண்டான நவ்ரீஸ் கழிந்ததும் வெயில் ஏறியது. மலையில் பனி கரைந்து, ஓடையெல்லாம் இரைந்தது. மேல் ரோட்டில் ஒரு விரிசல் கண்டது. ஆட்கள் தாரை ஊற்றி அடைத்தார்கள். அடைத்த இடத்துக்கு அப்பால் அது மறுபடி கிளம்பியது. மின்கம்பம் குழியை எட்டிப் பார்ப்பதுபோல் சாய்ந்தது. பாலர் பள்ளியின் இரும்புக் கதவு தரையில் உரசி அலறியது. பிள்ளைகள் அதே சத்தத்தைப் போட்டு விளையாடினார்கள்.

ராவ்ஷான் குழிக்குள் இறங்கினாள். உஸ்பெக் நாட்டிலிருந்து வந்த இக்ரோம் ஊற்றுநீரை இறைக்கும் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்க தங்கச்சி! டீ குடிக்கிறீங்களா? குழாயிலயே வருது, பால் மட்டும்தான் குறைச்சல்" என்று சிரித்தான்.

அவள் குனிந்து பார்த்தாள். போன வாரம்வரை தெளிவாக வந்த தண்ணீர். இப்போது சுவருக்குப் பின்னாலிருக்கும் மண்ணையும் கரைத்துக்கொண்டு வந்தது.

தௌலெத்தைத் தேடிப் பிடித்தாள். "நிறுத்து. தோண்டின மண்ணைத் திருப்பிச் சுவருக்கு முட்டுக் கொடு. இன்னிக்கே."

"தோண்டினத மூடுறதுக்கா என்னை வெச்சிருக்காங்க?"

"தௌலெத், விளையாடாதே."

அவன் முகம் சட்டென்று கிழடு தட்டினாற்போல் ஆனது. குரலைத் தாழ்த்தினான். "நான் நிறுத்தினா நாளைக்கு இன்னொருத்தன் வந்து தோண்டுவான். முதலாளிகிட்ட மூணு தடவ பேசிட்டேன். சரி, கீழ இருக்கிற ஆளுங்கள நான் மேல ஏத்திடறேன். நீ பள்ளியப் பாரு."

அவள் அதை நம்பினாள்.

பாலர் பள்ளித் தலைமை ஆசிரியை மெருயெர்த் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "உங்க கம்பெனிதானே எங்களுக்கு ஊஞ்சல் போட்டுக் குடுத்துச்சு? இப்ப நீங்களே வந்து பயமுறுத்துறீங்க. எழுத்துல குடுங்க, மேலிடத்துக்கு அனுப்புறேன்."

மேலிடம் பதில் போடுவதற்குள் மண் பதில் சொல்லிவிடும் என்று ராவ்ஷானுக்குத் தெரியும். சாயங்காலம் பள்ளி வாசலில் நின்றாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த ஒவ்வொருவரையும் மறித்தாள். "நாளைக்கு அனுப்பாதீங்க. அந்தக் குழி வேலையில இருக்கிறவதான் சொல்றேன்." சிலர் அவளைப் பைத்தியம் போலப் பார்த்தார்கள். ஒரு தாத்தா திட்டினார். ஓர் இளம் தாய் எதுவும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பயந்தார்கள்.

மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. மீதியை மெருயெர்த் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு மாற்றினாள்.

காய்ரோல்லாவின் போன் வந்தது. வேலை போயிற்று என்று காத்திருந்தாள். "வேலைய விட்டா அனுப்புவேன்? நீ இரு தங்கச்சி" என்றார் அதே கனிவோடு. "நீ எங்கயும் போயிடக் கூடாது." அந்தக் கனிவுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள், பளீரென்ற நண்பகலில், சுவர் வயிற்றைத் தள்ளியது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. துணி கிழிவதுபோல் ஒரு நீண்ட ஓசை. ரோடு மடங்கி உள்ளே போயிற்று. மின்கம்பமும், பாலர் பள்ளியின் முற்றமும், ஊஞ்சலும் அதன் பின்னாலேயே போயின. பள்ளிக் கட்டடம் விளிம்பில் நின்றது. பிள்ளைகள் ஒருவர்கூட அங்கே இல்லை.

ராவ்ஷான் ஓடி வந்தபோது தௌலெத் குழியின் கீழ்ப்பக்கம் மண்டியிட்டிருந்தான்.

"எல்லாரையும் ஏத்திட்டல்ல?"

அவன் தலைக்கவசத்தைக் கழற்றி மண்ணில் வைத்தான்.

"ஏத்திட்டல்ல?"

"பம்ப நிறுத்தினா குழியில தண்ணி ஏறிடும். அதான், அவன் ஒருத்தன மட்டும்…"

இக்ரோமை எடுக்க இரண்டு நாளாயிற்று. அவன் தம்பி சொந்த ஊரான பெர்கானாவிலிருந்து வந்து உடலைக் கொண்டுபோனான். ராவ்ஷானை அவன் ஒன்றும் கேட்கவில்லை. மேலே இருந்த பிள்ளைகளுக்காக ஒவ்வொரு வாசலாக மறித்தவள், கீழே இருந்த ஒருவனிடம் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

விசாரணையில் கம்பெனி அவள் கதவிலிருந்த பலகையைத்தான் காட்டியது. காய்ரோல்லாவின் ஆள் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தான். "வக்கீல நாங்க பாத்துக்கறோம். நீங்க வாயத் திறக்காம இருந்தாப் போதும்." சாபித் கூடையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். ராவ்ஷான் மறுநாளே விசாரணை அதிகாரிகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அட்டவணையை வரைந்தது தன் கை என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

தௌலெத் சிறைக்குப் போனான். காய்ரோல்லா வைத்தியம் பார்க்க வெளிநாடு போனவர் திரும்பவேயில்லை. ராவ்ஷானுக்குச் சிறை இல்லை. ஆனால் சில வருடங்களுக்குக் கட்டுமான வேலை எதையும் தொடக்கூடாது என்று தீர்ப்பானது. படிப்பு பாதியில் நின்றது. குழியில் பாசி பிடித்த தண்ணீர் நிறைந்து கிடந்தது. அதை மூடுவது யார் பொறுப்பு என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வசந்தத்தில் ஒரு காலை, அழைப்புமணி அடித்தது. வாசலில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி, தலைத்துணியைக்கூடச் சரியாகக் கட்டாமல் நின்றாள்.

"நீங்கதானே ராவ்ஷான்? நாங்க குழிக்குப் பின்னால, மூணாவது தெரு. எங்க வீட்டு உள்ரூம் கதவு ராத்திரியிலேருந்து மூட மாட்டேங்குது."

"நான் சொன்னா செல்லாதுங்க. எனக்கு அந்த உரிமை இல்ல."

"செல்ல வேணாம். சும்மா வந்து பாத்துட்டு, பிள்ளைங்களோட நான் அங்க தூங்கலாமான்னு மட்டும் சொல்லுங்க."

ராவ்ஷான் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.