உன் இஷ்டம்மா

டயாலிசிஸ் அறைக்கு வெளியே சுவரை ஒட்டி ஒரு நீளமான பெஞ்சு கிடந்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் காலையில் பாப்பா அதில்தான் உட்கார்ந்திருப்பாள். உள்ளே அம்மாவின் ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வர நான்கு மணி நேரம் ஆகும். நோயாளியோடு ஒருவர் துணைக்கு இருந்தே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். திடீரென்று ரத்த அழுத்தம் இறங்கினால் மருந்துக்கு ஓட ஆள் வேண்டுமே. அந்த பெஞ்சில் மகள்கள் இருந்தார்கள், மருமகள்கள் இருந்தார்கள், மனைவிமார் இருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனவர்கள். அவர்களுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பாப்பா என்பது வீட்டில் கூப்பிடும் பெயர்தான். வயது இருபதைத் தாண்டிவிட்டது. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறாள். மடியில் புத்தகம் விரித்திருக்கும், காது மட்டும் உள்ளே இயந்திரம் அடிக்கும் மணியில் இருக்கும். ஒரே பக்கத்தை ஒரு வாரம் படித்த கதையும் உண்டு.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒரு வருடமாகிறது. யார் கூடப் போவது என்று அந்த வீட்டில் யாரும் கூடிப் பேசவில்லை, முடிவெடுக்கவும் இல்லை. முதல் நாள் பாப்பா போனாள். அடுத்த முறையும் அவளே போனாள். பிறகு அது அவள் வேலையாகிவிட்டது. அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அண்ணன் செல்போன் கடையில் விற்பனையாளர். இரண்டு பேரும் நல்லவர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். குடிக்க மாட்டார்கள், கை நீட்ட மாட்டார்கள், பாப்பா கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் சொல்வார்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நல்லவர்களிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது?

கல்லூரியில் வருகைப் பதிவு சரிந்துகொண்டே போனது. துறைத்தலைவர் அம்மாள் கூப்பிட்டு, எப்படியோ பேசி உன்னைத் தேர்வு எழுத வைக்கிறேன், ஆனால் செய்முறைத் தேர்வுக்கு மட்டும் வராமல் இருந்துவிடாதே, அதைத் தனியாக உனக்கு மறுபடி நடத்த முடியாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது பாப்பா மெல்லப் பேச்சை எடுத்தாள். அப்பா உண்மையாகவே வருத்தப்பட்டார். எஞ்சின் இறக்கிய பேருந்து ஒன்று பணிமனையில் நிற்கிறது, இந்த வாரம் லீவு என்று வாயைத் திறக்கவே முடியாது என்றார். போன மாதம் நண்பர் பழைய பைக் வாங்கப் போனபோது கூடப் போய்ப் பார்த்துச் சொல்வதற்கு அவருக்கு ஒரு நாள் முழுதும் லீவு கிடைத்திருந்தது. அது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை, பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவும் இல்லை. அண்ணனோ, கடையில் தள்ளுபடி விற்பனை நடக்கிறது, நீதான் எப்படியாவது சமாளிச்சுக்கணும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். பாப்பா தலையாட்டினாள். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அம்மா ஒரு செய்தி சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம். இயந்திரம் ரிப்பேராம், நாளைக்கு வரச் சொன்னார்களாம். பாப்பா அம்மாவின் காலை அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இருந்தது. தண்ணீர் அளந்துதானே குடித்தாய் என்று இரண்டு முறை கேட்டாள். ஆமாம் என்று அம்மா சிரித்தாள். தேர்வு இருக்கிற அவசரத்தில், போன் எப்போது வந்தது, யார் எடுத்தது என்று பாப்பாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. வெள்ளை ஓவர்கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போனாள்.

போனும் வரவில்லை, இயந்திரமும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நாள் தள்ளிப்போனால் உயிரா போய்விடும் என்று அம்மா தனக்குத்தானே கணக்குப் போட்டிருந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு சேர்ந்த நீர் ஏற்கெனவே உடம்பில் நிற்கிறது என்பதை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள். பதினொரு மணிக்கெல்லாம் மூச்சு மேலும் கீழும் இழுக்க ஆரம்பித்தது. படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. தட்டுத் தடுமாறிக் கதவைத் திறந்து பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

அக்கா பதறிப்போய் ஒரு ஆட்டோவைப் பிடித்தாள். அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, யாருக்குப் போன் பண்ணட்டும் என்று கேட்டாள். ஆட்டோ அப்போது பணிமனை வாசலைத்தான் தாண்டிக்கொண்டிருந்தது. உள்ளே அப்பா இருந்தார். அடுத்த தெருமுனையில் அண்ணனின் கடை. ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பார்கள். அம்மா மிச்சமிருந்த மூச்சைத் திரட்டிச் சொன்னது இரண்டே வார்த்தை.

"பாப்பாவுக்குப் போடு."

எந்தப் பெண்ணைக் காப்பாற்றப் பொய் சொன்னாளோ, உயிர் போகும் நேரத்தில் அதே பெண்ணைத்தான் கூப்பிட்டாள். பழக்கம் அப்படி.

ஆய்வகத்துக்கு வெளியே பைக்குள் இருந்த போன் விடாமல் அடித்தது. கடைசியில் ஆய்வக உதவியாளர் எடுத்துப் பேசிவிட்டு உள்ளே வந்து பாப்பாவின் காதில் சொன்னார். அவள் கையில் கண்ணாடிக் குடுவை இருந்தது. மேலே பொருத்திய குழாயிலிருந்து அமிலத்தை அதில் துளித்துளியாக விட்டுக்கொண்டிருந்தாள், இன்னும் சில துளிகளில் நிறம் மாறியிருக்கும். குழாயை மூடிவிட்டு, ஓவர்கோட்டைக் கழற்றக்கூட மறந்து ஓடினாள். தேர்வாளர் வெளியூர்க்காரர். எழுந்து போனவளைத் தேர்வுக்கு வந்தவளாக எப்படி எழுதுவது என்று கேட்டார். துறைத்தலைவர் அம்மாள் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். சட்டம் சட்டம்தான் என்றாகிவிட்டது. இனி அடுத்த வருடம், அடுத்த செட் பிள்ளைகளோடுதான்.

மறுநாள் அம்மாவைத் தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். அப்பா அன்று லீவு போட்டிருந்தார், அண்ணனும் போட்டிருந்தான். இரண்டு பேருக்கும் லீவு கேட்டவுடனே கிடைத்தது என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று நர்ஸ் கேட்டபோது இருவரும் பாப்பாவைப் பார்த்தார்கள்.

நர்ஸ் போனதும் பாப்பா சொன்னாள்.

"நான் காலேஜ நிறுத்திடறேன்."

அழவில்லை. கோபமும் இல்லை. இந்த பஸ் வேண்டாம், அடுத்த பஸ்ஸில் போகலாம் என்பதுபோலச் சொன்னாள். இந்த வருடம் போய்விட்டது, அடுத்த வருடமும் இதே செவ்வாய் வரும், இதே சனி வரும், சும்மா பேர் மட்டும் அங்கே இருந்து என்ன பிரயோஜனம் என்றாள். அண்ணன், இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே டிகிரி வாங்கலாம் பாப்பா என்று ஆறுதல் சொன்னான். வேதியியலை வீட்டுச் சமையல்கட்டிலா செய்வது என்று யோசிக்க அவனுக்குத் தோன்றவில்லை. அப்பாவின் கண் கலங்கியிருந்தது. மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"உன் இஷ்டம்மா. நாங்க உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டோம்."

அம்மா ஆக்ஸிஜன் முகமூடியைக் கீழே இழுத்தாள். பாப்பா தடுத்தாள், அவள் விடவில்லை.

"எந்திரம் ரிப்பேர்னு நான்தான் பொய் சொன்னேன். இவ பரீட்சை எழுதட்டும்னு சொன்னேன். அப்புறம் ஆட்டோவுல போறப்போ, உங்க டிப்போ வாசல் வழியாத்தான் போனோம். உங்களைக் கூப்பிடணும்னு எனக்குத் தோணவே இல்லைங்க. இவளத்தான் கூப்பிட்டேன். அவ படிப்பைக் கெடுத்ததுல எனக்கும் பங்கு இருக்கு."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள்கூட இந்தப் பக்கம் திரும்பினார்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் முகமூடியை வைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள்.

"சீக்கு வந்தது எனக்கு. உங்க வேலை நிக்கல, இவன் வேலை நிக்கல. இவ படிப்பு மட்டும் ஏன் நிக்கணும்? சம்பளம் வரலன்னா அது வேலை இல்லையா?"

அப்பா தரையைப் பார்த்தார். ஆஸ்பத்திரி விஷயமெல்லாம் தனக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்தார். எந்த ஊசி, எந்த மாத்திரை, எதற்கு மணி அடிக்கிறது, ஒன்றும் புரியாதே என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

"அவளுக்கும் தெரியாது. போனா, பாத்தா, கத்துக்கிட்டா. பொம்பளப் புள்ளங்கறதால பொறக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டு வரல."

செவ்வாய்க்கிழமை கடை திறப்பதற்குள் வந்துவிட முடியுமா, முதலாளியிடம் என்ன சொல்வது என்று அண்ணன் மனம் அப்போதுதான் முதன்முதலாக யோசிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு வருடம் முன்னால் யோசித்திருக்க வேண்டியது.

பாப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் சரிதான், ஆனா இந்த வருஷம் போனது போனதுதானேம்மா என்றாள். இருபது வயதில் ஒரு வருடம் என்பது யாராலும் திருப்பித் தர முடியாத சாமான். கூடப் படித்த பிள்ளைகள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். இவள் மட்டும் முகம் தெரியாதவர்களோடு மறுபடி அந்த மேசையில் நிற்க வேண்டும். அதுவும் நிற்க விட்டால்தான். அதை நினைத்ததும் அதுவரை வராத அழுகை அவளுக்கு வந்துவிட்டது.

அம்மா அவளை அழ விட்டாள். பிறகு கணவனையும் மகனையும் பார்த்துச் சொன்னாள்.

"இனிமே இந்த வீட்டுல யாரும் இவகிட்ட உன் இஷ்டம்னு சொல்லாதீங்க. நான் கூட நிக்கிறேன், நீ போய்ப் படின்னு சொல்லுங்க. சுமையத் தூக்க ஒருத்தரும் கை கொடுக்காம உன் இஷ்டம்னு சொன்னா, அதுக்குப் பேரு பாசம் இல்லைங்க. கையைக் கழுவறது."