கிறகோரி கையெழுத்துப் போட்ட கடதாசி

கதவு மணி அடித்தபோது காலை பத்தரை இருக்கும். கொழும்பில் தமிழர் காட்டவேண்டிய பொலிஸ் பதிவுத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். தொண்ணூற்றேழில் வெள்ளவத்தையில் எந்தத் தமிழன் வெறுங்கையோடு கதவு திறந்தான்? ஆனால் வாசலில் நின்றது பொலிஸ் இல்லை. கறுத்து மெலிந்த ஒரு ஆள், தலையில் வெயிலுக்கு ஒரு துணித் தொப்பி, கக்கத்தில் பொலித்தீன் பை. என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான்.

"ஐயா, என்னைத் தெரியல்லையா? கிறகோரி. கொட்டாஞ்சேனை. நேவி கிறகோரி."

பொலிஸ்காரன் வந்து நின்றிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன். "அட, வாரும், வாரும்" என்றேன். குரல் எனக்கே பொய்யாய்க் கேட்டது. உள்ளேயிருந்து என் மனைவி நேசமலர் ஓடி வந்தாள். "கிறகோரியோ? பிறிஜெற் எப்பிடி? பிள்ளையள் எப்பிடி?" என்று அவன் மனைவி மக்களைப் பற்றி அவள் கேட்கக் கேட்க அவன் பதில் சொன்னான். மூத்தவள் கலியாணம் கட்டிவிட்டாள், சின்னவள் தையல் பழகுகிறாள், அவன் மட்டக்குளியில் படகுகளுக்குப் பெயின்ற் பூசுகிற வேலை செய்கிறான். அந்தச் சின்னவளின் ஞானஸ்நானத்துக்கு லீவில் வந்துதான் எண்பத்து மூன்று ஆடியில் அவன் எங்களோடு மாட்டிக்கொண்டான்.

அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கிறகோரி கடற்படையில் லீடிங் சீமன், பதினேழு வருஷ சேவை. செவ்வாய்க்கிழமை அவன் திருகோணமலைக்குத் திரும்பவேண்டும். திங்கட்கிழமை மத்தியானம் எங்கள் ஒழுங்கைக்குள் தமிழரைத் தேடிக் கும்பல் வந்துவிட்டது. கிறகோரி தன் வெள்ளை யூனிபோமைப் போட்டுக்கொண்டு ஒழுங்கை வாயில் போய் நின்றான். "மேக்கே நேவி பவுல் இன்னவா, யன்ன!" என்று கத்தினான். இங்கே நேவிக் குடும்பங்கள் இருக்கின்றன, போங்கள் என்று. அவன் சிங்களம் பேசினால் சிங்களவனே திரும்பிப் பார்ப்பான், அப்படி ஒரு சிங்களம். கும்பல் போய்விட்டது. நானும் நேசமலரும் இரண்டு பிள்ளைகளும் அவன் வீட்டுக் குசினிக்குள் மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்தோம்.

வியாழக்கிழமை அவன் பையைக் கட்டினான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். "தம்பி, நீர் போனா எங்களை வெட்டிப்போடுவாங்கள். எங்களுக்குக் கப்பலில இடம் கிடைக்குமட்டும் நில்லும்" என்று கெஞ்சினேன். நின்றான். பதினாறு நாள் நின்றான். நாங்கள் காங்கேசன்துறைக்குக் கப்பலேறிய பிறகுதான் அவன் முகாமுக்குப் போனான். வாசலிலேயே பிடித்து உள்ளே போட்டார்கள்.

பிறகு என் அரசாங்கக் கந்தோர் வேலைக்குக் கூப்பிட, ஐப்பசியில் நான் கொழும்புக்குத் திரும்பினேன். காவலிலிருந்து விசாரணை முடியுமட்டும் வெளியே விடப்பட்டிருந்த கிறகோரி அதே கிழமை என்னிடம் வந்தான். பத்து நாளைக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், சிங்களத்தில். அவனுக்குச் சிங்களம் வாயில்தான். கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் நேர் எதிர். கடைக்குப் போய் ஒரு கிலோ சீனி கேட்டால் கடைக்காரன் சிரிப்பான். ஆனால் சம்பள உயர்ச்சிக்காகச் சிங்களச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினவன், பேனையைப் பிடித்தால் சிங்களம் கரைபுரளும். அவன் பேசுவான், நான் எழுதுவேன்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் எழுதினேன். கும்பல் வந்தது, அயல் வீட்டுத் தமிழ்க் குடும்பத்தைக் காப்பாற்ற நின்றது, என் பெயர், என் வேலை, எல்லாம். பிறகு அதை நல்ல தாளில் பிரதி பண்ணும்போது பயம் பிடித்தது. அரசாங்க உத்தியோகத்தன், அதிலும் தமிழன், கடற்படைக்காரனை மறித்து வைத்தான் என்று விசாரணை வந்தால்? மார்கழியில் எனக்குத் தலைமை எழுதுவினைஞர் பதவி வர இருந்தது. அந்த வரிகளை வெட்டினேன். அவன் சொல்வதுபோல, குடும்பக் காரணங்களால் என் சொந்த விருப்பத்தில் நின்றுவிட்டேன், செய்தது பெரும் பிழை, இந்த ஒருமுறை கருணை காட்டுங்கள் என்று எழுதினேன். கந்தோரில் யாருக்காவது விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் நாங்கள் அப்படித்தான் எழுதிக் கொடுப்போம். பிழையை ஒப்புக்கொண்டு காலில் விழுந்தால் பெரியவர் மனம் இரங்குவார், பைலை மூடிவிடுவார். இங்கேயும் அப்படித்தான் நடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான்.

கிறகோரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஐயாட எழுத்து மணி மணியா இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படையை விட்டு ஓடியவர் என்று டிஸ்சார்ஜ் கடதாசியில் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு மார்கழியில் பதவி கிடைத்தது. வெள்ளவத்தைக்கு வீடு மாறினேன். பதினாலு வருஷம் கொட்டாஞ்சேனைப் பக்கம் நான் தலை வைத்தும் படுக்கவில்லை.

இப்போது அவன் பொலித்தீன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். "பழைய கேஸுங்கள திரும்பப் பாக்கிறாங்களாம் ஐயா. கோயில் கிளார்க் இங்கிலீசில ஒரு அப்பீல் எழுதித் தந்தாரு. பதில் சிங்களத்தில வந்திருக்கு. ஹாபர்ல ஒரு கம்பனி லோஞ்ச் போட் ஓட்ட ஆள் தேடுது, அந்த 'ஓடியவர்' மட்டும் இல்லாட்டி நாளைக்கே எடுப்பாங்க. அதுக்கு மட்டும் இல்ல..." பையை மடித்துக் கக்கத்தில் வைத்தான். "செக் பொயின்ற்ல ஒவ்வொரு முறையும் கேக்கிறாங்க, முந்தி என்ன வேலைன்னு. நேவின்னு சொல்ல ஏலாமக் கிடக்கு."

வாசித்தேன். மூன்றே வரி. உமது சொந்த வாக்குமூலத்திலேயே உமது விருப்பத்தில் நின்றதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர். அதற்கு மாறாக நேரில் கண்ட சாட்சி எவரும் இருந்தால் பதினாலு நாளைக்குள் சத்தியக்கடதாசி அனுப்பவும். இல்லையேல் மேன்முறையீடு தள்ளுபடி.

"என்ன ஐயா சொல்றாங்க?"

"ஒரு சாட்சி வேணுமாம்" என்றேன். முதல் வரியை விழுங்கிவிட்டேன். "நான் எழுதித் தாறன். நாளைக்குக் காலமை வாரும்."

அவன் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். போன கையோடு நேசமலர் வந்து முன்னால் நின்றாள். "இஞ்சேருங்கோ, உந்தக் கடிதத்தில வேற என்ன கிடக்கு? உங்கட முகம் ஏன் செத்துப்போச்சு?"

சொன்னேன். பதினாலு வருஷம் அவளுக்கும் சொல்லாததைச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கதிரையில் இருந்துவிட்டாள்.

"அவன்ர குசினிக்குள்ள பிறிஜெற் தன்ர பால்குடிப் பிள்ளைக்கு வைச்சிருந்த பால்மாவை எங்கட சின்னவனுக்குக் கரைச்சுக் குடுத்தவள். அது தெரிஞ்சுகொண்டே வெட்டினனீங்கள்?"

"பயம், மலர்."

"பயம் எல்லாருக்கும்தான். அவனுக்குச் சொல்லிப்போடுங்கோ."

"எல்லாத்தையும் எழுதுறன். எழுதினாச் சரிதானே?"

"எழுதுறது நேவிக்கு. அவனுக்கு ஆர் சொல்லுறது?"

எழுத உட்கார்ந்தேன். இந்தமுறை ஒளிக்கவில்லை என்பதை மட்டும் சத்தியமாய்ச் சொல்வேன். ஒழுங்கை, கும்பல், யூனிபோம், நான் கையைப் பிடித்து அழுதது, எங்களுக்காகவே அவன் நின்றது. அந்த வாக்குமூலத்தை எழுதியவன் நானே, என் பெயர் வராமலிருக்க உண்மையை மறைத்தேன், சிங்களம் வாசிக்கத் தெரியாத அவர் என்னை நம்பிக் கையெழுத்திட்டார் என்றும் எழுதினேன். மாதாமாதம் வாங்குகிற பென்சனில் கை வைப்பார்களோ என்று ஒரு கணம் யோசித்தேன். வைத்தால் வைக்கட்டும். ஆனால் எழுதி முடித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, அது கள்ள நிம்மதி. கிறகோரிக்கு வாசிக்கத் தெரியாது. ஜே.பி.யிடம், சமாதான நீதவானிடம், சீல் குத்தி, உறையில் போட்டு, தபாலில் சேர்த்துவிட்டால் நேவிக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவன் என்னைக் கடைசிவரை நல்ல மனிதன் என்றே நினைத்துக்கொண்டிருப்பான். நானும் ஒரு பிறவி!

அடுத்த நாள் காலி வீதியில் மக்கீன் ஹாஜியாரின் இரும்புச் சாமான் கடைக்கு இரண்டு பேரும் போனோம். அவர்தான் எங்கள் பக்கத்துச் சமாதான நீதவான். மேசையில் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் சீலும் மைப்பெட்டியும் இருக்கும். கிறகோரியைக் கொஞ்சம் அப்பால் அனுப்பப் பார்த்தேன்.

"கிறகோரி, நீர் போய் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு வாருமன்."

"நேத்தே வாங்கிட்டேன் ஐயா" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். அவனுக்கு அப்படி ஒரு அவசரம், சந்தோஷம்.

ஹாஜியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"ஹாஜியார், நான் எழுதினதுதானே. வாசிக்கத் தேவையில்லை, சீலைக் குத்துங்கோ" என்றேன்.

"அது சரிவராது. வாசிச்சிக் காட்டாம நான் சீல் வெக்கிறல்ல. சத்தியம் பண்றவர்ட காதுல விழோணும். இருபது வருஷமா என்ட பழக்கம் அது."

வாசித்தார். கடையெல்லாம் கேட்கும் குரல், தங்குதடையில்லாத சிங்களம். கிறகோரி கம்பிச் சுருளில் கை வைத்துக்கொண்டு கேட்டான். கும்பல் வந்த இடத்தில் தலையை ஆட்டினான். நான் அழுத இடத்தில் என்னைப் பார்த்து, பாவம் என்பதுபோல் சிரித்தான். அப்போதே ஹாஜியாரின் கையிலிருந்து தாளைப் பறித்திருக்கலாம். பறிக்கவில்லை. அடுத்த பந்தி வந்தது. அந்த வாக்குமூலத்தை எழுதியவன் நானே. ஹாஜியாரின் குரலும் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் நிறுத்தாமல் கடைசி வரிவரை வாசித்தார். கிறகோரியின் கை கம்பிச் சுருளிலிருந்து கீழே இறங்கிவிட்டது.

"இது உங்கட சொல்தானே? சரிதானே?" என்று ஹாஜியார் கேட்டார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஓம்" என்றேன். கையெழுத்துப் போட்டேன். சீல் விழுந்தது.

வெளியே வந்ததும் கடதாசியை அவனிடம் கொடுத்தேன். வாங்கினான். திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நல்லது. பைக்குள் கை விட்டு இன்னொரு தாளை எடுத்தான். பிளாஸ்ரிக் உறை போட்டு ஒட்டிய, அந்தப் பழைய வாக்குமூலத்தின் பிரதி. என் எழுத்து. மணி மணியான எழுத்து.

"வேல கேட்டுப் போற இடத்தில டிஸ்சார்ஜக் காட்ட வெக்கமா இருக்கும் ஐயா. அதால அதோட சேத்து இதையும் நீட்டுவேன். இத வாசிச்சுப் பாருங்க சேர், நான் ஏன் போகல்லன்னு இதில இருக்குன்னு சொல்லுவேன். ஹாபர்ல, செக்யூரிட்டி கம்பனியில, எல்லா இடத்திலயும். வாசிச்சிட்டு ஒரு மாதிரிப் பாப்பாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல." உறையின் ஓரத்தைத் தடவினான். "ஞானஸ்நானப் போட்டோவுக்குப் பக்கத்தில கொழுவி வெச்சிருந்தா பிறிஜெற்."

"கிறகோரி, நான் பெரிய பாவம் செய்துபோட்டன். மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாயில்லை" என்றேன். "அதில என்ன இருக்கெண்டு நான் வாசிச்சுச் சொல்லுறன், தாரும்."

"நீங்க வேணாம் ஐயா."

கோபமில்லாமல்தான் சொன்னான். பஸ் தரிப்பை நோக்கி நடந்தான். நான் பின்னால் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். தரிப்பில் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு சிங்கள அம்மா குடையோடு நின்றார், பள்ளிக்கூட ரீச்சர் மாதிரி. கிறகோரி அவரிடம் போய், "நோனா, மேக்க டிக்கக் கியவலா தென்னகோ" என்று கேட்டான். இதைக் கொஞ்சம் வாசித்துத் தருவீர்களா என்று. அவர் முதலில் தயங்கினார், பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினார்.

கிறகோரி துணித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அவர் வாசிக்கத் தொடங்கினார். நான் நாலு அடி தள்ளி நின்றேன். வாகன இரைச்சலில் ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. மட்டக்குளி பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் கத்தினான். அந்த அம்மா நிமிர்ந்து பஸ்ஸைப் பார்க்க, கிறகோரி வேண்டாம் என்று கையசைத்து, வாசிக்கச் சொன்னான். பஸ் போய்விட்டது. வாசித்து முடித்துவிட்டு அந்த அம்மா தாளின் அடியில் விரலை வைத்து, அந்தக் கையெழுத்தைக் காட்டி, அது அவனுடையதா என்பதுபோல் ஏதோ கேட்டார்.

கிறகோரி குனிந்து அதைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.