வலமாகத் திரும்பிய மூன்று

சுண்டெலிக்குக் கண் தெரிகிறதா என்று அறிய, அதனிடம் எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்ல முடியாது. அதற்காக எங்கள் கண் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. நாலு பக்கமும் திரை, நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மேடை. எலியை அதில் விட்டு, திரையில் கறுப்பு வெள்ளைக் கோடுகளைச் சுற்ற விடுவோம். கோடு கண்ணில் பட்டால் எலி தலையைக் கூடவே பையத் திருப்பும். படாவிட்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேமரா வழியாக அதைப் பார்த்து எழுதுவது நான், களக்காட்டுத் தனலட்சுமி. கூண்டு கழுவ வந்தவள். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று தெரிந்த பிறகு இதைத் தந்தார்கள்.

இந்த எலிகளுக்குப் பிறவியிலேயே பார்வை மங்கும் நோய். டாக்டர் கிரீஷ் ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணில் மட்டும் மருந்து ஊசி போட்டிருந்தார். எந்தக் கண் என்று எனக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் மனசு அந்தப் பக்கமே சாயுமாம். கோடு வலமாகச் சுற்றினால் இடது கண் தெரிகிற எலி திரும்பும், இடமாகச் சுற்றினால் வலது கண் தெரிகிற எலி.

ஆறு மாதம் கழித்துத் தலைவர் முத்துசுப்பிரமணியன் என் நோட்டையும் ஊசிப் பதிவேட்டையும் ஒத்துப் பார்த்தார். பதிவேட்டில் பன்னிரண்டு எலிக்கும் வலது கண். என் நோட்டில் ஒன்பது இடமாகவும் மூன்று வலமாகவும் திரும்பியிருந்தன. படிக்காதவளை உட்கார வைத்தால் இப்படித்தான் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். எனக்குக் காது இல்லையா? பிளஸ் டூ பாஸானவள் நான். நோட்டை ஒதுக்கிவிட்டு என்னை மறுபடி கூண்டு கழுவ அனுப்பச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், நான் கண்டதத்தான் எழுதியிருக்கேன். அந்த மூணும் வலமாத்தான் திரும்புது. நோட்டத் தூரப் போடுததுக்கு முன்ன அதுக கண்ணுல ஊசித் தடம் எங்கன இருக்குன்னு பாருங்க."

கிரீஷ் மூன்றையும் மயக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தழும்பு மூன்றிலும் இடது கண்ணில் இருந்தது. பதிவேட்டைப் புரட்டியவர் அந்த மூன்றுக்கும் ஊசி போட்ட தேதியில் விரலை வைத்தார். விஜயதசமி. முந்தைய நாள் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, நுண்ணோக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மேஜையைத் திசை மாற்றிப் போட்டுவிட்டோம். நல்ல நாளில் தொடங்கலாம் என்று காலையில் உட்கார்ந்தவர், எப்போதும்போல் தன் பக்கம் இருந்த கண்ணில் ஊசியைப் போட்டுவிட்டார். அன்று அந்தப் பக்கம் இருந்தது இடது கண். மேஜை பழைய இடத்துக்கு வந்த பிறகுதான் மற்ற ஒன்பதுக்கும் ஊசி.

"தப்பு என் கையிலதான் சார்" என்றார் கிரீஷ். அந்த மனுஷனிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

தலைவர் நோட்டை முதலிலிருந்து மறுபடி படித்தார்.

"ஊசி போட்டவருக்கே தெரியாததை இந்த அம்மா பார்த்து எழுதியிருக்காங்க. மருந்து வேலை செய்யுதுன்னு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை.

மறுநாள் தலைவரே நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து எலியைப் பார்த்தார். மூன்று முறை கோட்டை விட்டார். நாலாவது முறை பேனாவை எடுத்தவர், "திரும்பிச்சா?" என்று என்னைக் கேட்டார். திரும்பியது என்றேன். எழுதிக்கொண்டார்.