இருபத்து நான்கு பாடங்களும் ஒரு செருமலும்

இந்த நாட்டில் அந்த அயல்மொழியைப் பேசுகிற எவரும் என் குரலைக் கேட்டுப் படித்தவர்தான். முப்பத்தொரு வருடங்களுக்கு முன் மொழிக் கல்வித் துறை பள்ளிகளுக்கெல்லாம் அனுப்பிய ஒலிநாடாவில் இருபத்து நான்கு பாடங்களையும் பேசியவன் நான். என் சம்பந்தி பிறரிடம் என்னை அறிமுகம் செய்வதே, "அந்தக் குரல் இவர்தான்" என்றுதான்.

போன மாதம் அந்த மொழிக்காரர்களின் நாட்டிலிருந்து ஒரு வல்லுநர் அம்மாள் வந்தார். நம் மாணவர்களின் திறனை அளந்து அறிக்கை தருவது அவர் வேலை. நாற்பது பள்ளிகளைச் சுற்றிவிட்டு வந்தவரைத் துறை இயக்குநர் ஒரு கூட்டத்தில் பேசவைத்தார். எனக்கும் அழைப்பு வந்தது. கோட்டை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு போனேன்.

இலக்கணத்தைப் பாராட்டினார், உச்சரிப்பைப் பாராட்டினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு நம் மொழியிலேயே கேட்டார்:

"ஒண்ணு மட்டும் புரியல. கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி உங்க பிள்ளைங்க எல்லாரும் தொண்டையைச் செருமுறாங்களே, ஏன்?"

"அது மரியாதைங்க மேடம்," என்றார் இயக்குநர். "வாய்மொழித் தேர்வுல அதுக்கு அரை மார்க் உண்டு."

"எங்க ஊர்ல அப்படிச் செருமினா சண்டைக்கு வர்றாங்கன்னு அர்த்தம். போன வருஷம் உங்க வணிகக் குழு வந்தப்ப எங்க ஆளுங்க கதவுப் பக்கமா நாற்காலியை நகர்த்திட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் செருமல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். நாடாவைப் பதிவு செய்த நாளன்று எனக்கு ஜலதோஷம். கேள்வி என்றால் குரலை ஏற்ற வேண்டும்; ஏற்றுமுன் செருமித்தான் ஆக வேண்டியிருந்தது. இன்னொரு நாள் எடுக்கலாம் என்று ஒலிப்பதிவாளர் கெஞ்சினார். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று மறுத்தவன் நான்தான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதை என்றே அறிக்கையில் ஏறிவிடும். என் குரலும் இன்னும் முப்பது வருடம் ஓடும். நம் பிள்ளைகள் போகிற இடமெல்லாம் மனிதர்களை மிரட்டிக்கொண்டிருப்பார்கள். பொய்யின் மேல் உட்கார்ந்து பெருமை பேசும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. எழுந்தேன்.

"அது மரியாதை இல்லைங்க. சளி. என்னோட சளி."

"ஐயா, கொஞ்சம் உக்காருங்க," என்றார் இயக்குநர் பல்லைக் கடித்தபடி.

"உக்கார மாட்டேன். நாடாவை மாத்துங்க."

வீட்டில் சொன்னபோது மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அன்னிக்கே கஷாயம் குடிங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? நாட்டுக்கே தொத்த வெச்சுட்டீங்க."

மறுவாரம் துறையின் கடிதம் வந்தது. 'குறைபாடு காரணமாகத் தங்கள் குரல் நீக்கப்படுகிறது.' அதை எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனேன்.

"நீக்கம்னு எங்க குடும்பத்துல யாருக்கும் கடிதம் வந்ததில்ல தம்பி."

"வேற என்னன்னு போடறது ஐயா?"

"பேசியவரே தவறைச் சுட்டிக்காட்டியதன் பேரில்னு போடுங்க. நடந்தது அதுதானே?"

அவர் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு தானே தட்டச்சு செய்து கையெழுத்திட்டுக் கொடுத்தார். நின்றபடியே இரண்டு முறை வாசித்தேன். தேதி தவறாக இருந்தது. அதையும் திருத்தி வாங்கிக்கொண்ட பிறகே கிளம்பினேன்.