இரவல் அடைக்கோழி

இடுப்பு இரண்டாக விட்டுப்போன மாதிரி இருந்தது தெய்வாத்தாளுக்கு. விடிந்ததிலிருந்து, பருத்தி எடுத்து முடிந்த காட்டில் காய்ந்து நின்ற பருத்திமார் பிடுங்கியிருந்தாள். செடியைத் தூரோடு இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை மண்ணில் ஊன்றி, மூச்சடக்கி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். செடி வராவிட்டால் இடுப்பு வந்துவிடும். உள்ளங்கையில் நேற்று உடைந்த கொப்புளத்தின் மேல் இன்று புதிதாக ஒன்று. தலைச்சுமையை வாசலில் தள்ளிவிட்டு அப்படியே வெறுந்தரையில் சாய்ந்தாள்.

"அடுத்த ஆடிக்கு நானு மார் புடுங்கப் போகமாட்டனுங்க. இப்பவே சொல்லிப்போட்டேன்."

அவள் புருஷன் ஐயாசாமி அதே தோட்டத்தில் மாடு பூட்டிக் கவலையில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிறவன். கயிற்றை ஆணியில் மாட்டிக்கொண்டே, "போன ஆடிக்கும் இதயேதான் சொன்னே," என்றான்.

"அப்ப வாய் சொல்லுச்சு. இப்ப இடுப்பு சொல்லுது."

சொன்னதோடு அவள் நிற்கவில்லை. பருத்தி விலை விழுந்ததிலிருந்து தோட்டத்துக் கவுண்டர் காசைக் கண்ணில் காட்டுவதில்லை. பிடுங்கின மாரிலேயே ஒரு சுமை எடுத்துக்கொள் என்பார், அதுதான் கூலி. அந்தச் சுமையைக் காரமடை ரோட்டு மிசன் பங்களாவில் அவள் விறகுக்குப் போடுவாள். பங்களாவுக்குப் பின்னால் கம்பிவலைக்குள் வெள்ளை வெளேரென்று சீமைக்கோழிகள் திரியும். நாள் தவறாமல் முட்டை வைக்கும். அந்த முட்டையெல்லாம் உமிக்கூடையில் மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து ரயிலேறி ஊட்டி ஓட்டல்களுக்குப் போனது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் சுமையை இறக்கியதும் அங்கே சமையல் பார்க்கும் இருதயம்மாளிடம் கேட்டாள்.

"ஏனுங்க, மாருக்கு இன்னிக்குக் காசு வேண்டாமுங்க. அந்த வெள்ளக்கோழி முட்டை ஒரு மடி குடுங்க."

"கொழம்பு வெக்கவா?"

"அடை வெக்கறதுக்குங்க."

இருதயம்மாள் சேவலோடு சேர்ந்த கோழிகளின் முட்டையாகப் பார்த்து மடி நிறைய எடுத்துக் கொடுத்தாள். பன்னிரண்டு இருந்தது. அடைக்கு ஒற்றைப்படைதான் ஆகும் என்று இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டாள் தெய்வாத்தாள்.

முட்டை இருந்தது, உட்காரக் கோழி இல்லை. அவளிடம் இருந்த ஒரே பெட்டையைப் போன மாதம் கீரி கொண்டுபோய்விட்டது. ஊரில் அப்போது அடைக்குக் கத்திக்கொண்டிருந்தது தெற்கு வீதி ராசாத்தாளின் செவலைக்கோழி ஒன்றுதான். ராசாத்தாள் வாயும் வயிறும் பெருத்தவள். சண்டை போட்டால் பக்கத்து ஊருக்குக் கேட்கும், ஆனால் கேட்டதை இல்லையென்று சொல்லி அனுப்பமாட்டாள்.

இரவல் அடைக்கோழிக்கு அந்தப் பக்கத்தில் இரண்டு வழக்கம். பொரித்த குஞ்சில் கோழிக்காரிக்குப் பாதி. இல்லையென்றால் அடைக்கு அடை: இரவல் வாங்கினவளின் கோழி பிறகு அடைக்கு வரும்போது அதைக் கோழிக்காரிக்கு ஓர் அடை விட்டுக்கொடுக்க வேண்டும்.

"பாதிக் குஞ்சு குடுத்துரு அம்மணி. அதோட பேச்சு முடிஞ்சுது," என்றாள் ராசாத்தாள்.

"பாதிங்களாக்கா? அடைக்கு அடையே வெச்சுக்கலாமுங்க. குஞ்சு வளந்து பெட்டையாவி உக்காரட்டும், மொத அடை உங்குளுதுங்க."

"பேச்சு மாறமாட்டியே?"

"மாறுனா என்ற நாக்கு அழுகிப்போகட்டுமுங்க."

"நாக்க வெச்சு நான் என்ன பண்றது? அடை வந்தாப் போதும். அத்தனை பெட்டைல ஒண்ணு உக்காராமயா போகும்?"

பாதிக் குஞ்சு மிச்சம் என்று தெய்வாத்தாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். பொழுது மசங்கினதும் கோழியைக் கூடைபோட்டு மூடித் தூக்கி வந்து, மணலும் வைக்கோலும் பரப்பிய சட்டியில் முட்டைமேல் உட்கார வைத்தாள். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் ஓரத்தில் செருகினாள்.

செவலை அன்றிரவு சமத்தாக உட்கார்ந்தது. மறுநாள் உச்சிப்பொழுதில் தோட்டத்திலிருந்து வந்து பார்த்தால் சட்டியில் முட்டை மட்டும்தான். தொட்டுப் பார்த்தாள். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. முட்டைமேல் பழஞ்சேலையைப் போட்டு மூடிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தெற்கு வீதிக்கு ஓடினாள். அங்கே ராசாத்தாள் வாசலில் செவலை நிதானமாகக் கம்பு பொறுக்கிக்கொண்டிருந்தது.

"நான் கூப்படல அம்மணி," என்றாள் ராசாத்தாள். "அதுவா வந்துது. உன்ற ஊட்டு ராகி தொண்டைல எறங்கலையாட்ட இருக்குது."

அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் தெய்வாத்தாள் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெற்கு வீதிக்குப் போவாள். அது அங்கே தின்று, கழிந்து, மண்ணில் புரண்டு முடிக்கும் வரை பக்கத்தில் நின்று, மறுபடி தூக்கி வருவாள். கிணற்றடியில் பெண்கள் சும்மா இருப்பார்களா? "தாய் ஊட்டுக்குப் பொண்ணக் கூட்டிட்டுப் போறயா? சீர்த்தட்டு எங்க?" என்றார்கள்.

"சிரிங்க. ஆடி வரட்டும், மார்ச்செடிகிட்ட நீங்க அழுவீங்க, நான் சிரிக்கறேன்."

மூன்று முட்டை கூமுட்டையாகப் போக மற்றதெல்லாம் பொரிந்தது. செவலை குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தெற்கு வீதிக்கே நடக்கப் பார்த்தது. காலில் கயிறு கட்டி நிறுத்தினாள். பருந்து ஒன்றைத் தூக்கியது, மற்றதெல்லாம் நிமிர்ந்தது. இறகு முளைத்ததும் செவலையை அதன் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். தை பிறந்தபோது வெள்ளைப் பெட்டைகள் ஒவ்வொன்றாக முட்டை வைக்க ஆரம்பித்தன. அப்புறம் நிற்கவேயில்லை. மேட்டுப்பாளையம் போகும் வண்டிக்காரன் வாசலில் வந்து உமிக்கூடையை வைத்து வாங்கிக்கொண்டு போனான்.

ஆடி வந்தது. கவுண்டர் ஆள் அனுப்பினார். "இடுப்பு ஊட்ல இல்லைன்னு சொல்லுங்க," என்று உள்ளேயிருந்தே பதில் சொன்னாள் தெய்வாத்தாள். ஐயாசாமி அன்று தோட்டத்தில் இரண்டு பேரிடம் இதைச் சொல்லிச் சிரித்தான்.

ராசாத்தாள்தான் விடவில்லை. கிணற்றடியிலும் சந்தையிலும், ஒரு சாவு வீட்டில்கூட, பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெல்லக் கேட்டாள். "என்ற அடை என்னாச்சு?"

"இன்னும் உக்காரலீங்கக்கா."

"வருசம் திரும்பப்போகுதே."

"சின்னதுகதானுங்களே. வெளயாட்டுப் புத்தி."

தெய்வாத்தாளுக்கே கலக்கமாகத்தான் இருந்தது. ஒரு பெட்டையைப் பிடித்து முட்டைமேல் அமுக்கி, கூடையைக் கவிழ்த்து, மேலே ஆட்டுக்கல் குழவியையும் ஏற்றிவைத்தாள். மறுநாள் திறந்தால் இரண்டு முட்டை மிதிபட்டு உடைந்து கிடந்தது. புதிதாக ஒன்று வைத்திருந்தது. கோழி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய் மேய ஆரம்பித்தது.

பங்களாவுக்கு நடந்தாள். இருதயம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இதுக எப்பத்தானுங்க அடைக்கு உக்காரும்?"

"இதுகளா? உக்காராது. சீமையில வெளக்கு வெச்ச பெட்டிக்குள்ள பொரிக்கிறாங்க. முட்டை வெக்கிறது மட்டுந்தான் இதுகளுக்குத் தெரியும். நாங்களும் ஊர்க்கோழி அடியிலதான் வெக்கிறோம்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீ முட்டைதானே கேட்ட?"

அந்த மாசியில் ஊர்க் கோழிகளுக்கெல்லாம் கழிச்சல் நோய் வந்தது. ஒரே வாரத்தில் வெள்ளைக்கோழிகளில் பாதி வாசலில் செத்துக் கிடந்தன. மிஞ்சியதும் சோர்ந்துபோய் முட்டை குறைந்தது. வண்டிக்காரன் நாள் விட்டு நாள் வந்தான், பிறகு சந்தை நாளில் மட்டும் வந்தான். புதிதாக ஓர் அடை பொரித்துத் தலைமுறை ஏற்றாவிட்டால் வரும் ஆடியில் மறுபடியும் பருத்திமார்தான். நினைத்தாலே இடுப்பு சுருக்கென்றது. ஊரில் கழிச்சலுக்குத் தப்பி அடைக்குக் கத்திய கோழி எது என்று விசாரித்தாள். தெற்கு வீதிச் செவலை.

போகிற வழியெல்லாம் பொய் யோசித்துக்கொண்டே போனாள். ராசாத்தாள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

"அக்கா, அதுக அடைக்கே உக்காராத சாதியாமுங்க. எனக்கே இப்பத்தானுங்க தெரியும்."

ராசாத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள். தெய்வாத்தாள் கத்தலுக்குத் தயாராக நின்றாள். ராசாத்தாள் வயிறு குலுங்கிற்று, அப்புறம் தோள், அப்புறம் சத்தம் வந்தது.

"தொரைசானிக் கோழியில்ல அது. பெத்துப்போட்டுப் போயிரும், வளக்கறதுக்கு ஆயா வேணும். என்ற செவலை ஆயா வேலைக்கு வந்துதாக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாதிக் குஞ்சு குடுக்கறதுக்கு மனசு வராமத்தானே அடைக்கு அடைன்னே?"

"ஆமாங்க."

"இப்ப என்னத்துக்கு வந்தே?"

"செவலைய இன்னொரு அடைக்கு…"

"அடி ஆத்தா. பழசே கழியல."

"இந்த வாட்டி பாதிக் குஞ்சே எடுத்துக்குங்கக்கா."

"தொரைசானிக் குஞ்சு எனக்கெதுக்கு? நாளைக்கு உக்காராது, பொரிக்காது. எனக்கு அடைதான் வேணும்." ராசாத்தாள் முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். "உன்ற முட்டையோட என்ற முட்டையும் ரெண்டு வெக்கறேன். ஊர்க்கோழி முட்டை. பொரிஞ்சா நீயே வெச்சு வள. பெட்டையாப் பொறந்து அடைக்கு உக்காந்தா என்ற கணக்கு, பழசும் புதுசும் ரெண்டும் அதுல கழியட்டும்."

செவலை மறுபடி சட்டியில் உட்கார்ந்தது. தினமும் விடிகாலையில் கக்கத்தில் ஏறித் தெற்கு வீதிக்குப் போய் வந்தது. குஞ்சு நன்றாகவே பொரிந்தது. பால் நிறத்துக்கு நடுவில் கருத்தது ஒன்றும் சிவத்தது ஒன்றும் ஓடித் திரிவதை இரண்டு பேரும் அடிக்கடி பார்த்துப் பார்த்து நின்றார்கள். வாலைப் பார்த்து ராசாத்தாள் பெட்டை என்றாள். காலைப் பார்த்துத் தெய்வாத்தாளும் பெட்டை என்றாள்.

வெள்ளைக் குஞ்சுகள் வளர்ந்து முட்டைக்குத் தயாராயின. அவள் அந்த ஆடிக்கும் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. ஆடி முடியும் முன்பே ஒருநாள் விடிகாலையில் கருப்பு கூரைமேல் ஏறி நின்று கூவிற்று. மறுநாள் சிவப்பும் ஏறிக் கூவிற்று.

ராசாத்தாளுக்குத் தெய்வாத்தாள் தரவேண்டியது இரண்டு அடை.