ஞாயிற்றுக்கிழமை வீதி

வின்ஃபோர்ட் நகரத்தின் நடைபாதையில் ஒரு பித்தளை ஆணி இருந்தது. மெயின் வீதியும் மூன்றாம் தெருவும் சந்திக்கும் மூலையில், தபால் பெட்டிக்கு இரண்டடி தள்ளி. அடித்தவன் நான்தான். நகராட்சியிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கென்று ஒரு குழு போட்டிருப்பார்கள். 1979 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்து முதல் ஞாயிறு, காலை ஏழரை மணிக்கு, அந்த ஆணிக்கு நேர் மேலே முக்காலியை நிறுத்தி மெயின் வீதியை ஒரே ஒரு படம் எடுப்பேன். நாற்பத்தைந்து வருடம் எடுத்தேன். என் கல்யாணம்கூட அவ்வளவு காலம் நீடிக்கவில்லை.

ஏன் ஞாயிறு என்று கேட்டால், என் தொழிலில் இருக்கிற எவனும் அதே பதிலைத்தான் சொல்வான். மற்ற நாட்களில் கார்கள் வரிசையாக நின்று கடைகளின் கீழ்ப்பாதியை மறைத்துவிடும். சரக்கு வண்டிகள் வரும், எவனாவது நடுவில் வந்து நின்று தலையைச் சொறிவான். ஞாயிறு விடியலில் ஒன்றும் இராது. ஆற்றிலிருந்து பனிமூட்டம் கிளம்பி வீதிக்குள் மெதுவாக நடந்து வரும். சூரியன் வருவதற்குச் சற்று முன்னால் அந்தச் செங்கல் கட்டடங்கள் எல்லாம் தரையில் நிற்காமல் பாலில் மிதப்பது போலத் தெரியும். லென்ஸை இருபது விநாடி திறந்து வைப்பேன். தப்பித்தவறி யாராவது குறுக்கே நடந்தாலும் இருபது விநாடியில் கரைந்துபோவார்கள், பிலிமில் பதிய மாட்டார்கள். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

நான் பிழைப்பு நடத்தியது நெடுஞ்சாலை ஓரத்துக் கடை வளாகத்தில். கல்யாணப் படம், பள்ளிக்கூடப் படம். எல்லோரையும் போல நானும் வாரநாட்களில் மெயின் வீதிப் பக்கம் போவதை விட்டிருந்தேன். கண்ணாடித் தொழிற்சாலையை மூடிய பிறகு அங்கே போக என்ன இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டோம். ஆக, எனக்குத் தெரிந்த மெயின் வீதி ஞாயிற்றுக்கிழமை வீதி மட்டும்தான்.

1988இல் மூன்றாம் தெருப் பக்கத்துக் கட்டடங்களை இடிப்பது பற்றி நகரசபை பேசியபோது, என் ஒன்பது படங்களைக் கேட்டு வாங்கிச் சுவரில் வரிசையாகக் குத்தி வைத்தார்கள். ஒன்பது வருடமும் சாத்திய கதவு, இருண்ட ஜன்னல், காலி நடைபாதை. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கையைத் தூக்கினார்கள், இடித்தார்கள், கார் நிறுத்தும் இடமாக்கினார்கள். எனக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதை நான் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன்.

இப்போது காலம் மாறிவிட்டது. பழைய வங்கிக்குள் பீர் காய்ச்சுகிறார்கள். கிடங்குகளில் இளம் தம்பதிகள் நாயோடு குடியிருக்கிறார்கள். விளக்குக் கம்பம் தோறும் பூக்கூடை தொங்குகிறது. நடைபாதையைப் புதிதாகப் போட்டபோது என் ஆணியும் போனது. கார் நிறுத்துமிடத்தைச் சிறு பூங்காவாக மாற்றி, அங்கே அந்த இடத்தின் வரலாற்றைச் சொல்லும் ஒரு வெண்கலப் பலகை வைக்க ஏற்பாடு. புதுப்பித்த பழைய தியேட்டரின் முன்கூடத்தில் என் நாற்பத்தைந்து படங்களும் கண்காட்சியாக. என் எழுபத்தோரு வயதில் எனக்குக் கிடைத்த முதல் கண்காட்சி அது. 'தூங்கி எழுந்த நகரம்' என்று பெயர் வைத்திருந்தாள் ப்ரூக். நகர மையப் புதுப்பிப்புக் குழுவை நடத்துகிற பெண் அவள். முப்பது வயது, எப்போதும் கையில் ஒரு காகிதக் கோப்பை.

படங்களை மாட்டிக்கொண்டிருந்த புதன்கிழமை மதியம் ஓர் அம்மாள் உள்ளே வந்தார். எண்பதை நெருங்கும் வயது, நேராக நிமிர்ந்த முதுகு, நீலக் கோட்டு. முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்பதாவது படத்தில் நின்றார்.

"போட்டோக்காரர் நீங்கதானா?"

"ஆமாங்க. நார்பர்ட் ஸ்லாடெக்."

"நல்லா எடுத்திருக்கீங்க. ஒரு ஈ காக்கா இல்ல." கைப்பையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்தார். "பலகையில இத எழுதப் போறாங்களாமே. படிங்க."

படித்தேன். 'இவ்விடம் 1979 முதல் 1988 வரை ஆளின்றிக் கிடந்து பின்னர் அகற்றப்பட்டது.'

"நான் வெர்லீன் ஸ்டோக்ஸ்," என்றார். "அந்த ஆளில்லாத இடத்துல பதினோரு ஸ்டூல் போட்டு சாப்பாட்டுக்கடை வச்சிருந்தேன். இடிக்கிற நாள் வரைக்கும். திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் உக்கார எடம் கெடைக்காது."

ப்ரூக் ஓடி வந்தாள். தன்மையாகத்தான் பேசினாள். "மிசஸ் ஸ்டோக்ஸ், நீங்க சொல்றத நான் நம்பலன்னு இல்ல. ஆனா வெள்ளிக்கிழமை பலகைய வார்க்கக் குடுக்கறோம். நான் மாத்தணும்னா குழு ஆதாரம் கேக்கும். வாடகை ரசீது, ஒரு போட்டோ, ஏதாச்சும்."

"ஆறு எங்க வீட்டு நிலவறைக்குள்ள வந்த வருஷமே காகிதமெல்லாம் போயிடுச்சு."

"சாப்பிட்டவங்க யாராவது வந்து சொன்னா?"

"பாதிப் பேரு மலைமேல கல்லறையில இருக்காங்க. மீதிப் பேரு ரிட்டயர் ஆகி ஃப்ளோரிடாவுல இருக்காங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "ஒரு படத்துலகூடவா என் கடை தொறந்திருக்கல?" என்று கேட்டார்.

"நான் ஞாயித்துக்கிழமைதான் எடுப்பேன், மிசஸ் ஸ்டோக்ஸ்."

"அது எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமையும் நான் உள்ளதான் இருந்தேன். திங்கட்கிழமைக்கு லவங்கப்பட்டை போட்ட பன்னுக்கு மாவு பிசையணும்ல. சர்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடி முடிச்சாகணும். நீங்க வண்டியிலேர்ந்து முக்காலிய எறக்கறத ஜன்னல் வழியா பாப்பேன். பாத்ததும் லைட்ட அணைச்சிட்டு ஒரு ஸ்டூல்ல ஓரமா உக்காந்துக்குவேன்."

"ஏன் அணைச்சீங்க?"

"படம் எடுக்கறவர் குறுக்க நிக்கலாமா? ஏதோ கட்டடத்தப் படம் புடிக்கறாரு, நம்ம லைட்டு ஏன் அதக் கெடுக்கணும்னு நெனச்சேன். ஒம்போது வருஷம் உங்களுக்காக இருட்டுல உக்காந்திருந்தேன், போட்டோக்காரரே."

எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குனிந்து விலகி ஓடுவார்கள். அந்த மரியாதையை நானும் எத்தனையோ முறை தலையசைத்து ஏற்றுக்கொண்டிருக்கிறேன். படம் மாட்ட வைத்திருந்த ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.

கிளம்பும்போது வாசலில் திரும்பினார். "ஒரு வருஷம் நீங்க வந்தத கவனிக்கல. பாத்தா, நீங்க கேமராவ மூடியிருக்கிற கறுப்புத் துணிய விட்டு வெளிய வந்து கைக்கடிகாரத்த பாத்துட்டு நிக்கறீங்க. கை முழுக்க மாவு. முழங்கையால ஸ்விட்ச்ச அணைச்சேன். உங்க படம் கெட்டுப்போயிருக்குமேன்னு அன்னிக்கு முழுக்க மனசு கேக்கல. எந்த வருஷம்னு நெனவில்ல."

நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது ஒரே ஒரு சமயத்தில்தான். லென்ஸ் திறந்திருக்கும் அந்த இருபது விநாடியில்.

வீட்டுக்குப் போய் ஒன்பது நெகட்டிவ்களையும் விளக்குப் பெட்டியின் மேல் பரப்பினேன். நெகட்டிவில் உலகம் நிறம் மாறிக் கிடக்கும். வானம் கறுப்பு, நிழல் வெளிச்சம், இருட்டு ஜன்னல்கள் எல்லாம் கண்ணாடிபோலத் தெளிவு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். ஒன்பது அக்டோபர்களும் ஒரே வீதியாயின. கட்டடங்கள் அசையாமல் நிற்க, மூட்டம் மட்டும் ஒன்பது விதமாக அலைந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்ததில், வெளியே பகல் நகர்ந்தது தெரியவில்லை. ஸ்டூல்கள் சுழலும் சத்தம் கேட்டது. யாரோ இன்னும் கொஞ்சம் காபி கேட்டார்கள். அந்தத் தெளிந்த ஜன்னல்களுக்குப் பின்னால் ஓர் ஊரே முட்டியை மடக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, நான் போகட்டும் என்று காத்திருந்தது. நான் போகவே இல்லை. இருபது விநாடி முடியவே இல்லை.

1984இல் அது இருந்தது. ஸ்டோக்ஸ் என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே, ஜன்னலின் இடது மேல் மூலையில், கடுகை விடச் சிறிய ஒரு கறுப்புப் புள்ளி. அணைவதற்கு முன் ஓரிரு விநாடி எரிந்த விளக்கு.

அந்தப் புள்ளியை எனக்குத் தெரியும். நெகட்டிவில் கறுப்பாக இருப்பது தாளில் வெள்ளையாக வரும். பிலிமில் தூசு ஒட்டியிருந்தாலும் தாளில் வெள்ளைப் புள்ளிதான் விழும். அதை மெல்லிய தூரிகையால் மை தொட்டு மறைப்பது என் போன்றவர்களின் தினப்படி வேலை. 1984ஆம் வருடத்துப் படத்தில் ஒரு பிடிவாதமான தூசு இருந்ததும், பிரதி போட்டபோதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு நான் அதை மறைத்ததும் நன்றாக நினைவிருக்கிறது. நகரசபைக்குக் கொடுத்த பிரதியிலும் மறைத்தேன். எனக்குக் கை நடுங்காது என்று பெயர்.

புதிதாக ஒரு பிரதி போட்டேன். ஈரத் தாளில் அந்த வெள்ளைப் புள்ளி என்னைப் பார்த்தது. மேசை மேல் தூரிகையும் மையும் இருந்தன. பொய் சொல்லிப் பயனில்லை, நான் தூரிகையைப் பார்த்தேன். இந்தப் புள்ளி இருக்கிறது என்று உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். இதை ஒப்புக்கொண்டால் என் ஒன்பது படங்களும் ஒன்பது பொய்கள். முதல் கண்காட்சி, கூடத்தில் தொங்கும் பத்திரம், நாற்பத்தைந்து வருடக் காலைகள். பிறகு அந்த அம்மாள் முழங்கையால் ஸ்விட்சைத் தட்டியது கண்ணுக்குள் வந்தது. என் படம் கெட்டுவிடக்கூடாதே என்று நாள் முழுக்க வருந்தியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. தூரிகையைக் கழுவி இழுப்பறைக்குள் போட்டேன்.

வியாழக்கிழமை காலை ப்ரூக்கின் மேசைமேல் பிரதியையும் நெகட்டிவையும் பூதக்கண்ணாடியையும் வைத்தேன். நெடுநேரம் பார்த்தாள்.

"சார், இது தூசா இருந்தா?"

"தூசு மேல ஒட்டும். கழுவினா போகும். மூணு தடவ கழுவிட்டேன். இது பிலிமுக்குள்ள இருக்கு. பல்புக்கு மேல குடை மாதிரி ஒரு தகரம் தெரியுது பாரு."

"தெரியுது." கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப '88ல சபைக்கு நீங்க குடுத்தது?"

"அதுல நான் மறைச்சேன். கையெழுத்துப் போட்டு எழுதித் தரேன். மீதி எட்டு வருஷமும் நான் வந்ததாலதான் அந்தக் கடை இருட்டா இருந்துச்சுன்னும் எழுதறேன். குழுவுக்குக் காட்டு."

"கண்காட்சிப் பேரே 'தூங்கி எழுந்த நகரம்'னு அச்சடிச்சாச்சு."

"ஊரு தூங்கல. ஞாயித்துக்கிழமை காலை ஏழரைக்கு நீயும்தான் தூங்குவ, ப்ரூக். அதுக்காக ஒன்ன இடிச்சிடலாமா?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு, "உங்கள நாலு பேரு நாலு விதமா பேசுவாங்களே, சார்," என்றாள்.

"பேசட்டும்."

பேசினார்கள். குழுவில் ஒருவர் கண்காட்சியையே நிறுத்தச் சொன்னாராம். ப்ரூக் விடவில்லை. பலகையில் வாசகம் மாறியது: 'வெர்லீன் ஸ்டோக்ஸ் 1988 வரை இவ்விடத்தில் உணவகம் நடத்தினார்.' ஒரே வரிதான். படங்களுக்குக் கீழே தலைப்பு வேண்டாம், நாளும் நேரமும் மட்டும் போதும் என்று கேட்டுக்கொண்டேன். ஞாயிறு, காலை 7.30. நாற்பத்தைந்து முறை அதையே எழுதி ஒட்டினார்கள்.

திறப்பு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். நான்தான் செவ்வாயைக் கேட்டேன். முன்கூடம் நிறைய ஆட்கள், தட்டுகளில் பட்டை போட்ட பன்; வெர்லீன் அன்று விடியலில் எழுந்து பிசைந்தது. கண்ணாடிக் கதவு வழியாக மெயின் வீதி தெரிந்தது. வெயிலும் கார்களும் நடுவில் நின்று தலையைச் சொறிகிற ஒருவனும்.

வெர்லீன் 1984இன் முன்னால் நீலக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அப்போது கழுத்தில் விலை உயர்ந்த கேமரா தொங்கவிட்ட ஓர் இளைஞர் எங்களுக்கு இடையில் எட்டிப் பார்த்து, தொழில் தெரிந்தவர் என்ற உரிமையோடு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தப் பிரதியில ஒரு தூசு விழுந்திருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் வெர்லீன் அவர் பக்கம் திரும்பினார்.

"அது நான் தம்பி," என்றார்.